தட்டிக் கேட்கும் அத்தை

என் அத்தையின் மூக்கில், மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வேப்பங்குச்சி இருக்கும். துளை தூர்ந்துவிடக் கூடாதென்று பெண்கள் நாலு நாளைக்குச் செருகி வைப்பார்களே, அந்த மாதிரிக் குச்சி. அத்தைக்கு அது நாலு நாள் சமாச்சாரமாக இல்லை. காய்ந்தால் புதிதாக ஒன்றை ஒடித்துச் செருகிக்கொள்வார். கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாலும் மூக்கில் குச்சிதான். புதிதாகப் பார்க்கிற பெண்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

"ஏனுங்க, மூக்குத்தி எங்கீங்க?"

"பத்திரமா இருக்குதுங்க" என்பார் அத்தை. அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அந்தக் குச்சியின் கதையைச் சொல்வதற்கு முன்னால் அத்தையின் விரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அத்தை எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். பானையைத் தட்டி வாங்குவதும் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதும் எல்லாரும் செய்வதுதான். அத்தை பூசணிக்காயைத் தட்டுவார், செங்கல்லைத் தட்டுவார், அடுத்த வீட்டுக் கதவு நிலையைத் தட்டுவார், நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸைத் தட்டுவார். நடுவிரலை மடக்கி முட்டியால் ரெண்டே ரெண்டு தட்டு. பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிற்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

கோவிந்தாபுரத்தில் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் அப்போது நான் ஒரு சோடாக்கடை வைத்திருந்தேன். சந்தைக்கு வரும்போதெல்லாம் அத்தை வந்து வரிசையாக நிற்கிற பாட்டில்களைத் தட்டுவார்.

"மாப்ள, இதுல காத்துப் பத்தல."

"உடைக்காம எப்படிங்கத்தை சொல்றீங்க?"

"அதுதான் தட்டுனேனே."

உடைத்துப் பார்ப்போம். சில நாள் அவர் சொன்னது சரியாக இருக்கும். சில நாள் கோலி உள்ளே போன வேகத்தில் சோடா பொங்கி அவர் சேலையையே நனைத்துவிடும். தப்பாகப் போனால்தான் அவருக்குச் சந்தோஷம் அதிகம். "அட, ஏமாத்திப்புடுச்சு பாரு" என்று ஈரச் சேலையோடு அடுத்த பாட்டிலைத் தட்டுவார், முதல் பாட்டில் எதனால் ஏமாற்றியது என்று கண்டுபிடிக்க.

இதனால் சங்கடமும் வரும். ஒரு சொந்தக்காரர் புது வீடு கட்டி விருந்து வைத்தார். பாதிச் சாப்பாட்டில் அத்தை இடக்கையை நீட்டிப் பக்கத்துச் சுவரைத் தட்டி, தலையைச் சாய்த்து, "இந்த எடம் உள்ள பொக்குங்க" என்றார். வீட்டுக்காரர் கையில் இருந்த பாயச வாளி அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் மாமா புலம்பிக்கொண்டே வந்தார்.

"ஏம்புள்ள, சோத்தத் தின்னமா வந்தமான்னு இருக்க மாட்டியா?"

"நா ஒண்ணுஞ் சொல்லலீங்களே. செவுருதான் சொல்லுச்சு."

ஆட்களையும் அவர் தட்டுவார், விரலால் அல்ல. யாராவது பெரிதாக எதையாவது சொல்லி முடித்தால், "அப்படிங்களா?" என்பார். கேலி இருக்காது, சந்தேகமும் இருக்காது. ஆனால் அந்த 'அப்படிங்களா'வுக்கு அப்புறம் சொன்னவர் இன்னும் நாலு வார்த்தை பேசாமல் இருக்க முடியாது. உள்ளே இருப்பது அந்த நாலு வார்த்தையில் வந்துவிடும்.

இப்போது குச்சிக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசியில் நடந்தது.

மாமாவுக்கு ஒரு தம்பி. சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கண்டக்டர் வேலை. தோட்டத்தில் கண்டக்டர் என்றால் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். எங்கள் ஊரில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் சீட்டுக் கிழிப்பவர். அவர் லீவில் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "மலையில பஸ்ஸு எந்த ரூட்டுங் தம்பி?" என்று கேட்டு அவர் முகம் சுருங்குவதைப் பார்ப்பார்கள்.

அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பாகம் பிரிக்க வேண்டி வந்தது. இருந்தது ரெண்டு துண்டு. ஒன்று வாய்க்கால் வயல்: சின்னது, ஆனால் தண்ணீர் நிச்சயம். இன்னொன்று ஓடைக்காடு: அகலமான பூமி, பாதி கல், நாலு பனை, நடுவே மலையிலிருந்து வரும் ஓடை. எங்கள் பக்கத்தில் மூத்தவர் பிரிப்பார், இளையவர் முதலில் எடுப்பார். அதனால் பிரிக்கிறவர் கை கோணாது. மாமாவும் நேராகத்தான் பிரித்தார்.

அத்தைக்கு வாய்க்கால் வயல் மேல் ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த வரப்பில் நடக்கும்போது அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார், கோயிலுக்குள் போகிற மாதிரி. ஊருக்கே தெரியும். வயல் தம்பிக்குத்தான் போகும் என்பதும் ஊருக்கே தெரியும். நெல் விளைகிற பூமியை விட்டுவிட்டுக் கல்லை யார் எடுப்பார்கள்?

அந்த மழைக்காலத்தில் ஓடை பெருகி வடிந்தது. மாடு மேய்க்கப் போன ஒருவர் மணலில் ஒரு பொடி மின்னுவதைப் பார்த்து எடுத்து வந்தார். காக்காப்பொன் என்று சிரித்தோம். எங்கள் ஓடையில் காக்காப்பொன்னுக்குப் பஞ்சமே இல்லை. வெயில் அடித்தால் மணல் முழுக்க மினுமினுக்கும். ஆனால் கொல்லங்கோட்டில் ஆசாரி அதை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தங்கம்தான் என்று சொல்லிவிட்டார். தவிட்டுப் பொடி அளவுதான் இருக்கும். அந்தப் பொடி ஊரையே தூங்க விடவில்லை. சேதி மலை ஏறிச் சின்னக்கானலுக்கும் போயிற்று.

தம்பி சொல்லி அனுப்பினார்: "ஓடைக்காட்ட மெஷின் வெச்சுப் பாத்துட்டுத்தான் பாகம் எடுப்பேன்."

அத்தைக்கு அந்த வாரம் நடை மாறிவிட்டது. ஓடைக்காட்டில் தங்கம் இருக்கிறது என்று மெஷின் சொன்னால் தம்பி அதை எடுப்பார். வயல் இவருக்கு மிஞ்சும். கடைக்கு வந்தவர் பாட்டில்களைத் தட்டிவிட்டு, "மாப்ள, மண்ணுக்குள்ள இருக்கறத அந்த மெஷினு எப்படித் தட்டுது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் அன்றைக்குக் கடையை மூடிவிட்டு நானும் ஓடைக்காட்டுக்குப் போனேன்.

மெஷின் ஒன்றல்ல, ரெண்டு வந்திருந்தது.

ஒன்று கொல்லங்கோட்டு ரேடியோக்கடைக்காரர் தானே செய்தது. மாமா அழைத்து வந்திருந்தார். மூங்கில் கழி, அதன் முனையில் முறம் மாதிரி ஒரு வட்டப் பலகை, பலகையைச் சுற்றிச் செம்புக் கம்பி, மேலே ஒரு பழைய டிரான்சிஸ்டர் பெட்டி. ஒரே ஒரு திருகு. திருப்பினால் வண்டு மாதிரி 'கொய்ங்' என்று ரீங்கரிக்கும். கீழே உலோகம் இருந்தால் குரல் ஏறும்.

இன்னொன்று தம்பி கொண்டுவந்தது. தோட்டத்து என்ஜினீயரின் மைத்துனர் கப்பலில் வேலை பார்ப்பவர். அவர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்ததை இரவல் கேட்டு, கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தார். நாலு திருகு, ரெண்டு ஸ்விட்ச், உள்ளே ஊசி ஆடுகிற ஒரு கண்ணாடி. ஒரு திருகைத் திருப்பி வைத்தால் இரும்புக்குச் சத்தமே போடாதாம். தங்கத்துக்கு மட்டும் பாடுமாம்.

"எதுக்குங் தம்பி இத்தன திருகு?" என்றார் மாமா. "ஒண்ணு பத்தாதா?"

"உங்களது எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கத்தும்ணா. இது தரம் பிரிக்கும்."

மலையாளம் கலந்து பேசும் ரேடியோக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சேட்டா, எம் மெஷின் கள்ளம் பறையாது. உள்ளதெல்லாம் பறையும். இது வேண்டா, அது வேண்டான்னு தள்ளித் தள்ளிக் கடசீல கையில என்ன மிஞ்சும்?"

"குப்பையையும் சேத்துச் சொன்னா அத யாரு பொறுக்கறது?"

"நீங்க பொறுக்குங்க. பொன்னு வேணும்னா பொறுக்கத்தான் வேணும்."

அத்தை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "அப்படிங்களா?" என்றார். ரெண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ரேடியோக்காரரின் மெஷினை முதலில் விட்டார்கள். ஓடை வளைகிற இடத்தில் மணல் திட்டு. பொடி கிடைத்தது அங்கேதான். பலகை மணலுக்கு மேல் வந்ததும் வண்டு கீச்சென்று கத்தியது. ரெண்டடி தள்ளினால் மறுபடி கத்தல். அங்கே இங்கே என்றில்லை, திட்டு முழுக்கக் கத்தியது. ரேடியோக்காரருக்கே நெற்றி வேர்த்துவிட்டது. மாமா வாயைத் திறந்தபடி நின்றார். தம்பி தன் மெஷினைக் கம்பளியோடு கீழே வைத்துவிட்டார்.

"இதுக்கு மேல என்னங்ணா பாக்கறது" என்றார். "ஓடைக்காடு எனக்கு. வயல நீங்க வெச்சுக்கங்க."

முடிந்தது. அத்தைக்கு வேண்டியது கையில் வந்து விழுந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தால் போதும். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் வாய் மூடித்தான் இருந்தது. தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

மண்வெட்டியை எடுத்தார்.

"ஏம்புள்ள" என்றார் மாமா. அந்த ஒரு சொல்லில் எவ்வளவோ இருந்தது.

"இருங்க. என்னத்தத்தான் சொல்லுதுன்னு பாத்தரலாம்."

ஒரு முழம்கூடத் தோண்டவில்லை, டங்கென்றது. மண்ணைத் தட்டிப் பார்த்தால் பிறைநிலா மாதிரி ஒரு துருப்பிடித்த தகடு. மாட்டு லாடம். அடுத்த கத்தலில் தோண்டினார், இன்னொரு லாடம். அதற்கடுத்து ரெண்டு லாட ஆணி. மாமா ஒன்றைக் கையில் வாங்கித் துடைத்துவிட்டு, மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

பாலம் வருவதற்கு முன்னால் பொள்ளாச்சிக்குப் போகிற வண்டிகள் இந்த இடத்தில்தான் ஓடையைக் கடக்கும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்க்க மணல் மெத்தென்று இருக்கும் என்பதால் லாடக்காரர் இந்தத் திட்டில்தான் உட்கார்ந்திருப்பார். இவர்கள் அப்பாவே வண்டிக்காரர். அவருடைய மாடுகளை இங்கே சாய்த்துத்தான் லாடம் அடித்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். தங்கம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு ஒருவருக்கும் லாடம் ஞாபகம் வரவில்லை.

தம்பி வேட்டியை முழங்காலுக்கு ஏற்றித் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கால் ஓரம் பழைய தழும்பு.

"ஏனுங்ணா, இந்த எடத்துலதான எனக்கு ஆணி ஏறுச்சு?"

"உன்னைய முதுகுல தூக்கிட்டுப் போனவனே நாந்தான்டா. நானும் மறந்துட்டனே" என்றார் மாமா. ரெண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அத்தையின் வயல் ஓடையோடு போய்க்கொண்டிருந்தது.

தம்பி தன் மெஷினை எடுத்தார். இரும்பைத் தள்ளுகிற திருகைத் திருப்பி வைத்துக்கொண்டு திட்டு முழுக்க நடந்தார். சொன்னபடியே லாடத்துக்கெல்லாம் வாய் திறக்கவில்லை. தன் மோதிரத்தைக் கழற்றி மணலில் போட்டார், அழகாகப் பாடியது. மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஓடை நெடுக நடந்தார். சத்தமே இல்லை.

"அப்ப இங்க தங்கம் இல்ல" என்றார். "வயலே எடுத்துக்கறேன்."

"இல்லைங்கறத மட்டும் எப்படிங் தம்பி அப்படியே நம்பறது?" என்றார் அத்தை.

அவர் திரும்பி நின்று மூக்குத்தியின் திருகைக் கழற்றினார். ஒற்றைச் சிவப்புக் கல், அதைச் சுற்றிக் கொஞ்சம் தங்கம். கல்யாணத்தில் போட்டது. திட்டு நடுவில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு ஈர்க்குச்சியை நட்டார்.

"மோதிரம் பெருசுங்க. ஓடை மோதிரமா கொண்டாருது? பொடியாத்தான கொண்டாருது. இதக் கேக்குதான்னு பாருங்க."

மெஷின் ஈர்க்குச்சிக்கு மேல் வந்தது. பேச்சில்லை. தம்பி பலகையை மண்ணில் உரசுகிற மாதிரி இறக்கினார். ஊசிகூட அசையவில்லை. இரும்புத் திருகைப் பின்னால் திருப்பினால் சுற்றி இருக்கிற ஆணியெல்லாம் சேர்ந்து கத்தியது. முன்னால் திருப்பினால் மூக்குத்தியும் ஊமையாகிவிட்டது. ரேடியோக்காரர் குரலில் இப்போது ரோஷம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "ஒரு திருகுல இரும்பு போகும்போ, பொடிப்பொன்னும் கூடெப் போகுது இல்லியா" என்றார். பிறகு தன் மெஷினையும் வைத்துப் பார்த்தார். அது வழக்கம்போல எல்லாவற்றுக்கும் கத்தியது.

அங்கேதான் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. சுற்றி இருக்கிற ஆணியை எல்லாம் தோண்டி எறிந்துவிட்டால் மூக்குத்தி மட்டும் மிஞ்சும், அப்போது ரெண்டு மெஷினில் எது நல்லது என்று தெரிந்துவிடுமே. எல்லாருக்கும் சரியாகப் பட்டது. எனக்கும்தான். ஆளுக்கொரு பக்கம் இறங்கினோம். ஆணி வந்துகொண்டே இருந்தது. உற்சாகத்தில் மண்ணை அக்கட்டால இக்கட்டால வீசினோம். ஈர்க்குச்சி எப்போது சாய்ந்தது, யார் மண்வெட்டியில் போயிற்று என்று இன்று வரைக்கும் தெரியாது.

முறத்தில் புடைத்தோம், தண்ணீரில் அரித்தோம். பொழுது சாயும் வரை மணல் முழுக்கக் காக்காப்பொன் மினுங்கியது. மூக்குத்தி மட்டும் மினுங்கவில்லை. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தைதான் முதலில் சேலையை உதறி எழுந்தார்.

"போச்சாது, போனாப் போகுது, வாங்க. ரெண்டு மெஷினுக்கும் காது எவ்வளவுன்னு தெரிஞ்சுதில்ல."

மறுநாள் காலையில் வீட்டுக்குள் பாகம் பேசினார்கள். தம்பி அத்தையைப் பார்த்துக் கேட்டார். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்போம்.

"நங்கை, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க எந்தப் பக்கம்? சத்தம் போடறப்ப லாடத்தத் தோண்டிக் காட்டுனீங்க. சத்தம் போடாதப்ப மூக்குத்தியப் பொதச்சுக் காட்டுனீங்க. ஒண்ணு உங்களுக்கு நட்டம். இன்னொண்ணு, தங்கம் இல்லைன்னு நிம்மதியா இருந்த எனக்கு நட்டம்."

"பக்கமெல்லாம் பாக்கலீங் தம்பி. கேக்கோணும்னு இருந்துச்சு, கேட்டேன்."

தம்பி வயலை எடுத்துக்கொண்டார். தப்பில்லை. நம்பிக் கேட்டு முடிவு செய்ய ஒரு மெஷினும் இல்லாதபோது கண்ணுக்குத் தெரிகிற நெல்லைத்தானே எடுக்க முடியும். அத்தை தலையாட்டிவிட்டு உள்ளே போய் எல்லாருக்கும் சோறு போட்டார். தண்ணீர்க் குடத்தை இறக்கினார், புதுப் பானையைக் கொண்டுவந்து வைத்தார், தேங்காய் உடைத்தார். ஒன்றையும் தட்டவில்லை. அத்தை தட்டாமல் தேங்காய் உடைத்ததை அன்று ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன்.

வயலைப் பார்த்துக்கொள்ளும்படி அண்ணனிடமே சொல்லிவிட்டுத் தம்பி மலைக்குப் போனார். அத்தை அதில் நாற்று நட்டார், களை பறித்தார். வரப்பில் நடக்கும்போது செருப்பைக் கழற்றுவது மட்டும் நின்றுவிட்டது. ஓடைக்காட்டில் கடலை போட்டார்கள். மழை பெய்த வருஷம் வந்தது, பெய்யாத வருஷம் வரவில்லை. அடுத்த லீவில் தம்பி ஒரு புது மூக்குத்தி வாங்கி வந்தார். அத்தை அதை நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். "நல்லாப் பேசுதுங் தம்பி" என்று சொல்லி, மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று பெட்டியில் வைத்துவிட்டார். மூக்கில் குச்சிதான்.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு நாள் கேட்டேன். "ஏனுங்கத்தை, அன்னைக்கு அந்த வண்டு மெஷினு கத்துனப்ப நீங்க பேசாம இருந்திருந்தா வயல் உங்களுக்கு வந்திருக்குமே?"

"நா பேசாமத்தான் கண்ணு இருந்தேன்" என்றார். "கைதான் மம்புட்டிய எடுத்துப்புடுச்சு." மண்வெட்டியை அவர் அப்படித்தான் சொல்வார்.

அந்தத் தவிட்டுப் பொடியின் சேதி மட்டும் ஊரை விட்டுப் போகவே இல்லை. இடம் வாங்குகிற தரகர்கள் கடையில் சோடா குடித்துவிட்டு வழி கேட்டுக்கொண்டு போவார்கள். ஒரு தரம் நானே ஒருவரை அழைத்துப் போனேன். நல்ல வெள்ளைச் சட்டை. அத்தை கடலைக்காட்டில் குனிந்திருந்தார். வந்தவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஏனுங்கம்மா, இந்தக் காட்டுல தங்கம் இருக்குதுங்கறாங்களே, நெசமுங்களா?"

அத்தை நிமிர்ந்தார். வேப்பங்குச்சியை விரலால் ஒரு தடவை திருகிவிட்டுக்கொண்டார்.

"இருக்குதுங்க" என்றார். "எவ்வளவு இருக்குதுன்னுங்கூடத் தெரியுங்க."